நடிப்பின் உரைகல்: முத்துக்கரையிலிருந்து ஒரு விசாரணை

தமிழ்த் திரையின் தலைசிறந்த நடிகர் யார் என்ற விவாதம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம்மிடையே நடந்துவருகிறது. இன்னும் தீர்ப்பு எழுதப்படவில்லை. காரணம் எளியது. வாதிடுவோர் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதில்லை. ஒருவர் விருதுப் பட்டியலை நீட்டுவார். மற்றொருவர் வசூலைச் சொல்வார். மூன்றாமவர் தாம் சிறுவயதில் எவருடைய மன்றத்தில் இருந்தார் என்பதையே கலைத் தத்துவமாக உருமாற்றி முன்வைப்பார். அளவுகோல் ஒன்றாக இல்லாதபோது அளவு எவ்வாறு ஒத்துப்போகும்?

ஆகவே இந்தக் கேள்வியை வானளாவ விரிக்காமல், ஒரு சிறு நிலத்துண்டின் மீது இறக்கிவைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. வேம்பாற்றிலிருந்து மணப்பாடு வரை நீளும் முத்துக்குளித்துறைக் கரையும், அதன் நடுவில் தூத்துக்குடித் துறைமுகமும், பின்புலத்தில் கரிசல் பரப்பாய் விரியும் ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், கயத்தாறு ஆகிய ஊர்களும் சேர்ந்ததே அந்த நிலத்துண்டு. தமிழ் நடிப்பின் வரலாற்றில் இப்பகுதிக்கு உள்ள இடம் விசித்திரமானது. நவீனத் தமிழ் நாடகத்தின் ஆசான் பிறந்தது இங்கேதான். தமிழ்த் திரையின் பெருநடிகர் என்று மிகப் பலரால் கொண்டாடப்படுபவர் ஏற்ற மிகப் பெரிய இரு வரலாற்றுப் பாத்திரங்களும் இம்மண்ணின் மனிதர்களே. அவரோடு ஒப்பிடத்தக்க, ஆனால் அவ்வாறு ஒப்பிடப்படாத, வேறு இரு நடிகர்களை ஈன்றதும் இதே மண்தான்.

ஆசான்

1867இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். தந்தை தாமோதரம் பிள்ளை தமிழறிஞர். சுவாமிகள் நடிகராகத் தொடங்கி, நாடகாசிரியராகி, இறுதியில் சிறுவர்களுக்கு நடிப்புக் கற்பிக்கும் ஆசானானார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். டி.கே. சண்முகமும் அவருடைய சகோதரர்களும் அங்கே பயின்றவர்கள். சிறுவனான சண்முகம் நடிப்பதற்கென்றே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்ததைச் சண்முகம் பிற்காலத்தில் வியப்போடு பதிவு செய்திருக்கிறார். 1922இல் புதுச்சேரியில் சுவாமிகள் காலமானார்.

அவர் நடிப்பதை நிறுத்தியதற்கு நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் காரணம் ஒன்றுண்டு. எமனாகவும் சனீசுவரனாகவும் அவர் வேடமேற்றபோது, அந்த ஆவேசத்தைக் கண்ட பார்வையாளர்க்கு உண்மையிலேயே கேடு நேர்ந்ததாம். அதனால் மனம் வருந்தி அரிதாரத்தைத் துறந்தாராம். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு புராணம் என்பது இங்கே முக்கியமன்று. பெருநடிப்பு என்பதைப் பற்றி அந்தத் தலைமுறை கொண்டிருந்த கருத்து இக்கதையில் பொதிந்திருக்கிறது. நடிப்பு என்பது பார்ப்பவன் உடலில் நிகழும் ஒன்று; அவனை அதிரச் செய்வதே நடிகனின் வல்லமை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதெரோ இதற்கு மறுதலையான கருத்தை முன்வைத்தார். பெருநடிகன் தான் எதையும் உணர்வதில்லை, குளிர்ந்த அறிவோடு உணர்ச்சியின் அடையாளங்களை மட்டும் படைக்கிறான் என்பது அவர் வாதம். நம் கரையின் ஆசானுக்கு இந்தப் பிரிவினையே அந்நியமாக இருந்திருக்கும்.

சுவாமிகள் உருவாக்கிய பாய்ஸ் கம்பெனி மரபுக்கென்று சில கட்டாயங்கள் இருந்தன. ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் விழ வேண்டும். ஆகவே மெல்லினமும் வல்லினமும் பிசகாத உச்சரிப்பு, வயிற்றிலிருந்து எழும் குரல், மூச்சை அளந்து செலவிடும் பழக்கம் ஆகியவை முதற்பாடம். ஒளி குறைவு. ஆகவே விழியும் புருவமும் கையும் பெரிதாக இயங்க வேண்டும். ஒரே சிறுவன் இன்று சீதை, நாளை பரதன், மறுநாள் சூர்ப்பனகை. ஆகவே தன்னை அழித்துக்கொண்டு இன்னொருவராகும் வேகம் வேண்டும்.

பின்னாளில் 'தலைசிறந்தவர் யார்' என்ற விவாதத்தில் எதிரெதிரே நிறுத்தப்பட்ட இருவருமே இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளின் பிள்ளைகள்தாம். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி. ராமச்சந்திரன் வளர்ந்தார். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவில் வி.சி. கணேசன் வளர்ந்தார். 1940களின் நடுவில் அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடிக்க முதலில் எம்.ஜி.ஆரே அழைக்கப்பட்டிருந்தார். அவர் விலகிக்கொள்ள, அந்த வேடம் கணேசனுக்கு வந்தது. பெரியார் அவரைச் 'சிவாஜி' என்று அழைத்தார், பெயர் நிலைத்தது. ஒருவர் ஏற்காத வேடமே மற்றவருக்குப் பெயரானது என்பது வரலாற்றின் குறும்பு.

முதல் வேடம்: பாஞ்சாலங்குறிச்சி

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனுக்கு நிழற்படம் கிடையாது; அக்கலை அப்போது பிறக்கவேயில்லை. அவன் உருவம் கதைப்பாடல்களிலும் கூத்துகளிலும் வாழ்ந்தது. நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலைப் படிப்பவர்கள், மக்கள் நினைவில் அவன் ஒரே நேரத்தில் வீரனாகவும் பிடிவாதக்காரனாகவும் இருந்ததைக் காணலாம். சிறுவனாக இருந்தபோது பார்த்த கட்டபொம்மன் கூத்தே தம்முள் நடிப்பாசையை விதைத்தது என்று சிவாஜி கணேசனும் சொல்லியிருக்கிறார்.

1957இல் சிவாஜி நாடக மன்றத்தின் வழியாக 'வீரபாண்டிய கட்டபொம்மன்' மேடையேறியது. உரையாடல் சக்தி டி.கே. கிருஷ்ணசாமி. நூறு முறைக்கு மேல் மேடை கண்ட இந்நாடகம், பி.ஆர். பந்துலுவின் இயக்கத்தில் 1959 மே மாதம் வண்ணப்படமாக வெளிவந்தது. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் சிவாஜி சிறந்த நடிகராகவும், ஜி. ராமநாதன் சிறந்த இசையமைப்பாளராகவும் அறிவிக்கப்பட்டனர்.

இப்படத்தின் உச்சமாக நினைவுகூரப்படுவது கலெக்டர் ஜாக்சனுடனான சந்திப்பு. வரி கேட்கும் வெள்ளையனை நோக்கி, உழைப்பில் உனக்கென்ன பங்கு என்ற பொருளில் கட்டபொம்மன் அடுக்கும் வினாக்களைத் தமிழ்நாட்டின் பள்ளி மேடைகளில் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்கள் ஒப்பித்துவந்திருக்கிறார்கள். ஆனால் ஆவணங்கள் காட்டும் இராமநாதபுரம் சந்திப்பு வேறு. 1798இல் பாளையக்காரனை ஊர் ஊராகத் தன் பின்னே அலையவிட்ட ஜாக்சன், செப்டம்பர் 10 அன்று இராமநாதபுரத்தில் அவனை நெடுநேரம் நிற்கவைத்தே விசாரித்தான். கைகலப்பு மூண்டது. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டான். தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். கட்டபொம்மன் தப்பினான். பின்னர் நடந்த விசாரணையில் சென்னை அரசு கட்டபொம்மனைக் குற்றத்திலிருந்து விடுவித்தது, ஜாக்சன் பதவியிழந்தான். திரையில் வென்றது சொல். வரலாற்றில் நிகழ்ந்தது அவமானமும் தப்பியோட்டமும், அதன்பின் ஓராண்டு கழித்து வந்த பேரழிவும்.

இதற்காக நடிகரைக் குறை கூறுவது அறியாமை. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூறு மேடைகளில் கடைசி வரிசையை நோக்கிச் செதுக்கப்பட்ட வேடம் அது. படத்தில் கேமரா வந்து முகத்தை ஒருமுறை பெரிதாக்குகிறது. மேடைப் பயிற்சி அதே முகத்தை ஏற்கெனவே பெரிதாக்கி வைத்திருக்கிறது. இரு பெருக்கங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது எழுவதைத்தான் ஒரு சாரார் 'மிகை நடிப்பு' என்கிறார்கள். மிகை என்பது நடிகரின் குணக்கேடு அன்று. இரு கலைவடிவங்களின் மோதல். தமிழ்த் திரை மேடையின் நீட்சியாகவே நெடுங்காலம் இயங்கியது என்று தியடோர் பாஸ்கரன் போன்றோர் சுட்டிக்காட்டிவந்திருப்பதும் இதைத்தான்.

இந்த வேடத்தின் விளைவு திரையோடு நிற்கவில்லை. கயத்தாற்றில் தம் சொந்தச் செலவில் நிலம் வாங்கி, 1970இல் கட்டபொம்மனுக்குச் சிலை எழுப்பினார் சிவாஜி. அந்தச் சிலையின் நிற்பிலும் மீசையிலும் நடிகரின் சாயலைக் காணாமல் கடந்துபோவது கடினம். முகமற்றிருந்த ஒரு மனிதனுக்கு முகம் தந்துவிட்டார் ஒரு நடிகர். அதன்பின் அந்த மனிதனின் உண்மை முகத்தைக் கற்பனை செய்யும் உரிமையைக்கூட நாம் இழந்துவிட்டோம். கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்று எழுதிய தமிழ்வாணனானாலும், விடுதலை வீரன் என்று நிறுவிய ம.பொ.சி.யானாலும், வாசகன் மனத்தில் அவர்கள் இருவரும் வாதிட்டது ஒரே முகத்தைப் பற்றித்தான். நடிப்பின் வெற்றி இது. வரலாற்றுக்கு இது இழப்பும்கூட.

இரண்டாம் வேடம்: துறைமுகம்

கட்டபொம்மன் வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், அதே பந்துலு, அதே ஜி. ராமநாதன், அதே சிவாஜி. 1961 நவம்பரில் 'கப்பலோட்டிய தமிழன்' வந்தது. ம.பொ.சி.யின் நூலை அடிப்படையாகக் கொண்ட படம். பாடல்கள் அனைத்தும் பாரதியுடையவை. இப்படம் வணிகத்தில் தோற்றது. தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கை நாடகத்துக்கு இணங்கி வராதது. அதன் முற்பாதி எழுச்சி. 1906இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, 1907இல் காலியா, லாவோ கப்பல்கள், 1908 தொடக்கத்தில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம், அவ்வாண்டு மார்ச் 12இல் கைது, நீதிபதி பின்ஹே விதித்த நாற்பதாண்டுத் தண்டனை. பிற்பாதி முழுவதும் இறங்குமுகம். கோவைச் சிறையில் செக்கு, மேல்முறையீட்டில் குறைந்த தண்டனை, 1912 டிசம்பரில் விடுதலை, கலைந்துபோன கம்பெனி, பறிபோன வழக்கறிஞர் உரிமம், வறுமை. உரிமத்தை மீட்டுத் தந்த ஆங்கிலேய நீதிபதி வாலஸின் நினைவாக ஒரு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்ட மனிதர் அவர். அந்த ஒரு செய்தியே போதும், அவரை ஒற்றை நிறத்தில் வரைய முடியாது என்பதற்கு. 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் மறைந்தார்.

இப்பாத்திரம் மேடையில் நூறு முறை ஒத்திகை பார்க்கப்பட்டதன்று. நூலிலிருந்து நேரே கேமராவுக்கு முன் வந்தது. கடைசி வரிசைக்காரன் இங்கே இல்லை. வேறுபாடு கண்கூடாகத் தெரிகிறது. முற்பகுதியில் வழக்கறிஞராகவும் மேடைப் பேச்சாளராகவும் பழைய கம்பீரம் எட்டிப்பார்க்கத்தான் செய்கிறது. சிறைக்குப் பின்னரோ உடல் சுருங்குகிறது, தோள் தாழ்கிறது, குரல் உள்ளே போகிறது. பேச்சால் உலகை வென்ற நடிகர், பேசாமல் நிற்கக் கற்றுக்கொண்ட இடம் இது.

தொழுநோயால் உருமாறிய சுப்பிரமணிய சிவாவை விடுதலையான வ.உ.சி. எதிர்கொள்ளும் காட்சியை எண்ணிப் பாருங்கள். எதிரே நிற்பவர் யாரென்று முதலில் தெரியவில்லை. பிறகு தெரிகிறது. அந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே ஒரு முகத்தில் நிகழ்வதே இப்படத்தின் இதயம். சிவாவாக நடித்தவர் டி.கே. சண்முகம், சங்கரதாஸ் சுவாமிகள் ஒரே இரவில் நாடகம் எழுதித் தந்த அதே சிறுவன், இப்போது ஐம்பதை நெருங்கியவர். எதிரே இன்னொரு பாய்ஸ் கம்பெனிப் பிள்ளை. உரத்த குரலுக்கென்றே வளர்க்கப்பட்ட இருவர், குரலடங்கி நிற்கிறார்கள். எட்டயபுரத்துப் பாரதியாக வரும் எஸ்.வி. சுப்பையாவும் இதே அடக்கத்தைக் கடைப்பிடித்தார். இப்படத்தில் சிவாஜியைவிடச் சுப்பையாவே விஞ்சினார் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். அவ்வாதத்துக்கு இடம் இருப்பதே படத்தின் சிறப்பு.

வ.உ.சி.யின் மகன் சுப்பிரமணியம் இப்படத்தைப் பார்த்துத் தம் தந்தையையே கண்டதாக நெகிழ்ந்தார் என்றும், அதைவிடப் பெரிய விருது தமக்கு இல்லையென்றும் சிவாஜி சொல்லியிருக்கிறார். கட்டபொம்மனைப் போலன்றி வ.உ.சி.க்கு நிழற்படங்கள் உண்டு. நேரில் கண்டவர்கள் 1961இல் உயிரோடு இருந்தார்கள். அதாவது இங்கே உரைகல் இருந்தது. முகமற்றவனுக்கு முகம் தருவதைவிட, முகம் தெரிந்த ஒருவரை அவர் பிள்ளையின் கண்முன்னே மீட்டெடுப்பது கடினம். இரண்டாம் வேடமே பெரிது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. எனினும் மக்கள் முதல் வேடத்தை ஒப்பித்தார்கள். இரண்டாவதைத் திரையரங்கில் தனியே விட்டார்கள். வெற்றி வீரனைவிடத் தோற்ற வீரனைப் பார்ப்பது நமக்கு எப்போதும் சங்கடமாக இருந்திருக்கிறது. 1912 டிசம்பரில் சிறைவாசலில் நடந்ததும் அதுவேயன்றோ?

எதிர்வழக்கு

இங்கே எம்.ஜி.ஆர். தரப்பின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். சிவாஜி இக்கரையின் இறந்த நாயகர்களை ஏற்றார். எம்.ஜி.ஆரோ 'படகோட்டி' (1964), 'மீனவ நண்பன்' (1977) ஆகிய படங்களில் கடற்கரையின் வாழும் மனிதர்களை ஏற்றார். முதற்படத்தில் இரு மீனவக் குப்பங்களின் பகையை மூட்டி ஆதாயம் காணும் வியாபாரியை எதிர்க்கும் மாணிக்கம் அவர். இரண்டாம் படம் வெளிவந்தபோது அவர் தமிழ்நாட்டின் முதலமைச்சர். வலையிழுப்பவனும் உப்பளத்தில் வெந்தவனும் தன்னைத் திரையில் கண்டது கட்டபொம்மனிடத்திலா, மாணிக்கத்திடத்திலா என்று ஒருவர் கேட்டால், பதில் சொல்லச் சற்றுத் தயங்கத்தான் வேண்டும்.

ஆனால் இது நடிப்புக்கான வாதமா? எம்.ஜி.ஆரின் மீனவர் எந்தக் கரையின் பேச்சையும் பேசுவதில்லை. எந்தக் குலத்தின் உடலசைவும் அவரிடம் இல்லை. அவர் பாத்திரமாக மாறுவதில்லை, பாத்திரங்கள் அவராக மாறுகின்றன. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 'பிம்பச் சிறை'யில் ஆராய்ந்தது இந்த மாற்றத்தின் அரசியலைத்தான். அது ஒரு பேராற்றல். நடிப்பாற்றலின் உடன்பிறப்பு, ஆனால் வேறொன்று. இருவரும் இணைந்து நடித்த ஒரே படமான 'கூண்டுக்கிளி' (1954) வெற்றிபெறாததற்கும் இதில் ஒரு விளக்கம் கிடைக்கலாம். ஒருவர் தன்னை மறைத்து வெளிப்படுபவர். மற்றவர் தன்னையே வெளிப்படுத்துபவர். இரு கலைகளுக்கும் ஒரே சட்டகம் போதவில்லை.

விருதுகளின் துணையை நாடுவோர்க்கும் ஒரு சொல். 'கப்பலோட்டிய தமிழனு'க்காக மத்திய அரசு சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது தரவில்லை என்ற மனக்குறையை அவ்வப்போது கேட்கிறோம். தேசிய அளவில் அவ்விருது 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே தொடங்கியது; முதலில் பெற்றவர் வங்கத்தின் உத்தம் குமார். ஆகவே 1961க்காக வருந்துவதில் பொருளில்லை. அதற்குப் பின்னர் 1971இல் 'ரிக்ஷாக்காரனு'க்காக எம்.ஜி.ஆர். அதைப் பெற்றார் என்பதும், 'தில்லானா மோகனாம்பாள்', 'முதல் மரியாதை' என்று வந்தும் சிவாஜி பெறவேயில்லை என்பதும் உண்மை. 1992ஆம் ஆண்டின் 'தேவர் மகனு'க்குச் சிறப்பு நடுவர் விருதும், 1995இல் பிரான்சின் செவாலியே விருதும், அடுத்து தாதாசாகேப் பால்கே விருதும் அவருக்கு அறிவிக்கப்பட்டன. இப்பட்டியலை வைத்து நடுவர் குழுக்களின் வரலாற்றை எழுதலாம். நடிப்பின் வரலாற்றை எழுத முடியாது.

கரையின் பிள்ளைகள்

இத்தனை நேரமும் இம்மண்ணுக்கு வந்து வேடமிட்டவர்களைப் பற்றியே பேசினோம். இம்மண் அனுப்பிவைத்தவர்கள்?

சுண்டங்கோட்டையில் பிறந்த டி.எஸ். பாலையா, எம்.ஜி.ஆருக்கும் முதற்படமான 'சதி லீலாவதி' (1936) வழியே திரைக்கு வந்தவர். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் ஒரு திகில் கதை சொல்கிறார், பாலையா கேட்கிறார். அவ்வளவுதான் காட்சி. கதை சொல்பவரின் திறமையைப் புகழ்வோர், அக்காட்சியின் பாதி கேட்பவரின் முகத்தில் நடக்கிறது என்பதைச் சற்றுப் பின்னரே உணர்வர். 'திருவிளையாடல்' (1965) படத்தில் ஹேமநாத பாகவதராக, விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டு ஒரு மாபெரும் செருக்கு நொறுங்குவதை அவர் காட்டும்போதும் செயல் கேட்பதே. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) தவில்காரர் முத்துராக்கும் அவரே. நடிப்பு என்பது உரைப்பது மட்டுமன்று, செவிமடுப்பதும் ஆகும் என்று தமிழ்த்திரைக்குக் கற்பித்தவர் என்று பாலையாவைச் சொன்னால் மிகையாகாது. நாயக வேடம் அவருக்கு வாய்த்தது குறைவு என்பதால் இந்த விவாதத்தில் அவர் பெயர் அழைக்கப்படுவதேயில்லை.

அடுத்தவர் சந்திரபாபு. 1927 ஆகஸ்ட் தொடக்கத்தில், பனிமய மாதா பேராலயத் திருவிழா நடைபெறும் நாள்களில் தூத்துக்குடியில் பிறந்தார். ஜோசப் பனிமயதாஸ் என்ற பெயரிலேயே அந்த மாதாவின் பெயர் இருக்கிறது. தந்தை ரொட்ரிகஸ் விடுதலைப் போராளி, பத்திரிகை நடத்தியவர். குடும்பம் இலங்கைக்குப் பெயர்ந்தது. கொழும்பில் வளர்ந்த பையன் மேற்கத்திய இசையையும் ஆட்டத்தையும் அங்கே உள்வாங்கினான். வாய்ப்புக்கு அலைந்த சென்னை நாள்களில், 1952இல், ஜெமினி ஸ்டுடியோவில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார்.

'சபாஷ் மீனா'வில் (1958) சிவாஜியோடு நடித்தார். இயக்குநர் அதே பந்துலுதான். இரட்டை வேடங்களில் ஒன்று ரிக்ஷாக்காரன். பரதவர் கரையில் பிறந்து கொழும்பில் படித்தவர், சென்னைத் தெருவின் பேச்சை அதன் சுருதி பிசகாமல் திரையில் நிறுத்தினார். பாடினார், ஆடினார், விழுந்தார், எழுந்தார். ஒவ்வொரு அசைவும் தாளத்துக்குள் இருந்தது. பாய்ஸ் கம்பெனி வழி வராத நடிப்பு அது. கடைசி வரிசையின் கட்டாயத்தை அறியாத உடல். கேமராவுக்கென்றே பிறந்த உடல். சிவாஜியின் கலை சங்கரதாஸ் மரபின் சிகரமென்றால், சந்திரபாபுவின் கலை அம்மரபுக்கு வெளியே கடல்வழி வந்து இறங்கியது. 'தட்டுங்கள் திறக்கப்படும்' (1966) படத்தை இயக்கி நடித்தார். எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' முடியாமலே போனது. கடனும் மதுவும் சூழ, 1974 மார்ச் 8 அன்று மறைந்தார். தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான்.

சல்லடை

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இக்கரையின் வணிகர்கள் முத்துகளைத் தரம் பிரித்த முறை நுட்பமானது. முதலில் பித்தளைச் சல்லடைகள் பத்து. ஒன்றைவிட ஒன்றில் துளை சிறுத்துக்கொண்டே போகும். அதனால் தெரிவது பருமன் மட்டும். பின்னர்தான் உண்மையான மதிப்பீடு தொடங்கும். உருட்சி எப்படி, ஒளி எப்படி, நிறம் எப்படி என்று ஒவ்வொன்றாய் ஒளியில் பிடித்துப் பார்ப்பார்கள். உருண்டையும் ஒளியும் குறைவற்றதையே ஆணி என்று பிரித்துவைப்பார்கள். பெருமுத்து எல்லாம் ஆணிமுத்து அன்று. 1961க்குப் பின் இக்கரையில் அரசு நடத்தும் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. சல்லடைகள் ஓய்ந்தன, அந்த அறிவு மட்டும் நமக்குப் பயன்படலாம்.

நம் விவாதங்கள் பெரும்பாலும் சல்லடையோடு நின்றுவிடுகின்றன. யார் பெரியவர் என்று சலிக்கிறோம்; எவ்வகையில் ஒளிர்கிறார் என்று ஒளியில் பிடித்துப் பார்ப்பதில்லை. சல்லடையில் எப்போதும் மேலே தங்குபவர்கள் நாயகர்களே. பாலையாக்களும் சந்திரபாபுக்களும் சுப்பையாக்களும் துளை வழியே விழுந்துவிடுகிறார்கள். அவர்கள் சிறியவர்கள் என்பதாலன்று. அவர்களுக்குக் கிடைத்த வேடங்கள் சிறியவை என்பதால்.

எனினும் கேள்வியிலிருந்து நழுவுவது முறையன்று. தலைசிறந்த நடிகர் யார் என்றால், என் விடை சிவாஜி கணேசனே. கட்டபொம்மனாக முழங்கியதற்காக அன்று. சிறை மீண்ட சிதம்பரமாக ஒடுங்கியதற்காக. தம் பயிற்சி தந்த அத்தனை ஆயுதங்களையும் ஏந்தி வென்றவர்கள் பலர். அவற்றைக் கீழே வைத்துவிட்டும் நிற்க முடிந்தவர்கள் மிகச் சிலர். அந்த ஆயுதங்களை வடித்துக் கொடுத்த பட்டறை, வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரத்தை உள்ளடக்கிய இதே நிலத்தில் பிறந்த ஒருவருடையது என்பதையும் சேர்த்தே இந்த விடையைச் சொல்ல வேண்டும். ஆசானைச் சொல்லாமல் மாணாக்கர் பரம்பரையை மட்டும் புகழ்வது பாதி உண்மை.

இவ்விடையை மறுப்போர்க்கு ஒரு வேண்டுகோள். வசூலையும் விருதையும் மன்றத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு மூன்று காட்சிகளை அடுத்தடுத்துப் பாருங்கள்: சிவாவை அடையாளம் காணும் வ.உ.சி., கதை கேட்கும் பாலையா, ரிக்ஷாக்காரனாக வரும் சந்திரபாபு. பார்த்த பிறகு மூவரில் எவரை உயர்த்தினாலும் அந்த விவாதம் நடிப்பைப் பற்றியதாக இருக்கும். துறைமுகம் இன்று வ.உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பெயரைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் முகம் அவருடையதா, அவரை நடித்தவருடையதா என்று ஒரு கணம் நின்று கேட்டுக்கொள்ள முடிந்தால், அந்த நடிகருக்கும் அந்த மனிதருக்கும் ஒருசேர நியாயம் செய்தவர்களாவோம்.